கப்ளர் உடைந்தால் மோட்டார் பிழைக்கும்: மேற்கு மாம்பலத்தில் இரண்டு மிக்ஸிகள்

2024 டிசம்பர். மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. கூடம் வரை கருகிய வாடை. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. 2022 தீபாவளிக்கு நான் 3,900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த மிக்ஸி அது. இரண்டு வருட வாரண்டி முடிந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கே பரணிலிருந்து பழைய மிக்ஸியை இறக்கினோம். 1996-ல் அப்பா தி.நகரில் வாங்கியது. சத்தம் ஜாஸ்தி என்று நான்தான் அதைத் துணி சுற்றி மேலே போட்டிருந்தேன். ஜாரை வைத்து சுவிட்சைத் திருப்பினால் மோட்டார் ஓடியது, பிளேடு சுற்றவில்லை. ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்திருந்தன. தெருமுனையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு கப்ளர் வாங்கி மாட்டினேன். பாதியில் நின்ற சட்னி அரைந்து முடிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பாகம் கெட்டுத் திரும்பி வந்தால், அதை மேஜையில் பிரித்துப் போட்டு 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்பது எங்கள் வழக்கம். டொயோட்டாவிலிருந்து வந்த பழக்கம். சென்னையில் வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாடம் மாதிரி. முதல் ஏனுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் உதவாது. நாலாவதிலும் ஐந்தாவதிலும்தான் விஷயம் இருக்கும். அந்தப் பழக்கத்தை முதன்முதலாக எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றின்மேல் பிரயோகித்தேன். அதன் விவரம்தான் இது.

முதலில் முறைப்படி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போனேன். "மோட்டார் போயிடுச்சு மேடம். தனியா எதுவும் வராது, செட்டாத்தான் மாத்தணும்" என்றார்கள். 2,650 ரூபாய். புதிது வாங்கினால் எக்ஸ்சேஞ்சில் 500 ரூபாய் குறைப்போம் என்றும் சொன்னார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவர் கையில் இருந்த விலைப்பட்டியலில் மோட்டாரின் உள்பாகங்களான கார்பன் பிரஷுக்கோ காயிலுக்கோ ஒரு வரிகூட இல்லை. அவர் என்ன செய்வார்?

அப்புறம்தான் இரண்டு மிக்ஸிகளையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் சந்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். அப்பா காலத்திலிருந்து பழக்கம். ஆறடிக்கு எட்டடி கடை. ஜார் கேஸ்கட்டுகளை வளையல் கோத்த மாதிரி ஆணியில் தொங்கவிட்டிருப்பார். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கம்பெனி வாரியாகக் கப்ளர்கள். கார்பன் பிரஷ் மட்டும் தீப்பெட்டிகளில்.

மேஜைமேல் இரண்டு மோட்டார்

பழையதைத் திறக்க ஒரு சாதாரண ஸ்க்ரூடிரைவர் போதும். அடித்தட்டில் நான்கு திருகு, எல்லாம் ஒரே அளவு. புதியதில் மூன்று திருகு கண்ணுக்குத் தெரிந்தது. நாலாவது ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது, அதற்கு முக்கோணத் தலை. அண்ணன் மேஜை டிராயரிலிருந்து, தானே அரத்தில் ராவி வைத்திருந்த ஒரு கம்பியை எடுத்தார். "இதுக்குன்னு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேம்மா. இப்பல்லாம் பாதி இப்படித்தான் வருது."

புதியதில் பீல்டு காயிலின், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின், ஒரு பக்கம் கரி. கருகாத பக்கத்தில் ஒரு சுற்றை பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். மேலே செம்புச் சிவப்பு, உள்ளே வெள்ளை. "அலுமினியம். மேல இருக்குற வார்னிஷ்தான் காப்பர் கலரு." பழைய மோட்டாரில் அதே மாதிரி சுரண்டினார். உள்ளேயும் சிவப்பு.

அலுமினியம் என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் அதைப் போடுகிறார்கள், நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதன் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. அதற்கு ஈடாகக் கம்பியின் கனத்தைக் கூட்ட வேண்டும். மிக்ஸி மோட்டாருக்குள் அதற்கு இடம் கிடையாது. சூடு ஏறும். காயிலைச் சுற்றியிருக்கும் மின்காப்புப் பூச்சு, வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் தன் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மோட்டார் தொழிலில் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினியக் கம்பி அறுந்தால் சாதாரண சால்டரிங்கில் ஒட்டாது.

ஆனாலும் 'அலுமினியம் கருகியது' என்பது முதல் ஏனுக்கான பதில்தான். இரண்டு வருடம் ஓடியது அன்றைக்கு ஏன் கருக வேண்டும்? மோட்டாரின் நடு அச்சான ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அதைத் தாங்கும் மேல் புஷ்ஷில் துரு. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும் மோட்டாருக்கு அந்த இறுக்கம் பெரிய பாரம். கரண்ட் கூடுதலாக இழுத்திருக்கிறது. சரி, துரு எப்படி வந்தது? தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து? சட்னி ஜாரின் அடி புஷ் தேய்ந்து ஒழுகியிருக்கிறது. ஜார் ஒழுகாத மிக்ஸி உலகத்தில் கிடையாது. ஒரு நாள் ஒழுகியே தீரும். அந்த நாளுக்கு மிக்ஸி தயாராக இருந்ததா என்பதுதான் கேள்வி.

பழையது தயாராக இருந்தது. கப்ளரைச் சுற்றி ஒரு விரற்கடை உயரத்துக்கு வளையம் எழும்பி நிற்கிறது. ஜார் வைக்கும் தட்டு லேசாகப் பின்பக்கம் சரிந்து, ஒரு துளையில் முடிகிறது. ஒழுகினால் தண்ணீர் சமையல் மேடைக்கு வந்துவிடும், துடைத்துவிட்டுப் போகலாம். புதியதில் அந்தத் தட்டு மொழுமொழுவென்று சமதளம். பார்க்க அழகு. வளையம் இல்லை, துளையும் இல்லை. ஒழுகிய தண்ணீருக்குப் போக ஒரே வழி, ஷாப்ட்.

எங்கள் பங்கும் இதில் உண்டு. இரண்டு மாதமாக ஜாருக்கு அடியில் கறுப்பாகக் கசிவதை அம்மா துடைத்துக்கொண்டேதான் இருந்தார். சிவப்புப் பொத்தான் மூன்று தடவை துள்ளியது. மூன்று தடவையும் அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். அது ஓவர்லோட் சுவிட்ச். அது துள்ளினால், உள்ளே எதுவோ பிடிக்கிறது, நிறுத்திப் பார் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவையே அண்ணனிடம் கொண்டுபோயிருந்தால் ஒரு புஷ், ஒரு கேஸ்கட், நூறு இருநூறோடு முடிந்திருக்கும்.

நாற்பது ரூபாய்ப் பாகம்

பழைய மிக்ஸியைப் பிரித்தபோது எனக்கு மனதில் பதிந்தது அதன் செம்பு மோட்டாரைவிட அந்தக் கப்ளர்தான். ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் பல் வைத்த சின்ன வட்டு. ஜாரில் கொட்டையோ கல்லோ மாட்டினால் பிளேடு நிற்கும், மோட்டார் விடாமல் திருகும். அந்த இடத்தில் யாராவது ஒருவர் தோற்க வேண்டும். கப்ளர் தோற்கும்படி செய்திருக்கிறார்கள். அதன் பல் உடைந்தால் மோட்டார் பிழைத்துவிடும். உடைந்ததைக் கழற்றவும் வழி வைத்திருக்கிறார்கள்: அடியில் ஷாப்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் பக்கமே கப்ளரைத் திருப்பினால் கழலும். மரை அப்படி வெட்டியிருப்பதால் ஓட ஓட இறுகிக்கொள்ளும். மெக்கானிக் வேண்டாம், அம்மாவே மாற்றுவார்.

இதைச் செய்தவர் எதுவும் கெடாத பொருளைச் செய்ய முயலவில்லை. எது முதலில் கெட வேண்டும் என்று தீர்மானித்து, அதை மலிவாகவும் கைக்கெட்டும் இடத்திலும் வைத்தார். நெடுநாள் உழைக்கும் பொருள் என்றால் எனக்கு இதுதான்.

மிக்ஸி நம் ஊரில் இப்படி அமைந்ததற்குக் காரணம் நம் சமையல். ஊறிய உளுந்தும் காய்ந்த மிளகாயும் மஞ்சளும் வெளிநாட்டு மிக்ஸரின் மோட்டாருக்கு ஒத்துவராது. 1960-களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் தன் வீட்டில் அதைப் பட்டறிந்த பிறகுதான் இந்திய அரைப்புக்கென்று ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார். சுமீத் மிக்ஸி வந்தது அப்படித்தான்.

அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மிக்ஸிக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 28 வருடத்தில் ஒன்பது கப்ளர், நான்கு ஜோடி கார்பன் பிரஷ், மூன்று பிளேடு, ஒரு சுவிட்ச், கேஸ்கட்டும் ஜார் புஷ்ஷும் பல தடவை, 2011-ல் ஒரு ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது). கூட்டினால் 5,870 ரூபாய். வாங்கிய விலை 2,100. அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. சரி, வாங்கிய விலையை ஐந்து மடங்காக்கியே போடுவோம். அப்போதும் மாதம் சுமார் ஐம்பது ரூபாய்தான். புதியது 26 மாதத்துக்கு 3,900; மாதம் 150.

ஐந்தாவது ஏன்

வளையத்தையும் துளையையும் ஏன் எடுத்தார்கள்? கம்பியை ஏன் மாற்றினார்கள்? செலவு, எடை, தோற்றம். இது நாலாவது பதில். ஒவ்வொன்றும் சில ரூபாய் மிச்சம். மிச்சம் பிடிப்பது தப்பில்லை, நாங்களும் தினமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அம்பத்தூரில் நாங்கள் அப்படி ஒரு துளையை எடுக்க நினைத்தால், பக்கத்திலிருந்து ஒருவர் உடனே கேட்பார்: "பீல்டுல போச்சுன்னா?" பீல்டு என்றால் வாடிக்கையாளர் கை. ஏனென்றால் எங்கள் பாகம் வாரண்டிக்குள் போனால் வண்டிக் கம்பெனியிலிருந்து டெபிட் நோட் வரும். பாகத்தின் விலையோடு, மாற்றும் கூலியையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டுவார்கள். ஒரு துளையை எடுத்து மிச்சம் பிடித்தது ஒரே மாதத்தில் பறந்துவிடும்.

மிக்ஸிக்கு அந்த டெபிட் நோட் இரண்டு வருடம்தான். 25-வது மாதத்திலிருந்து செலவு முழுக்க அம்மாவுடையது. வடிவமைத்தவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 26-வது மாதம் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பழுதுக்கு யார் பணம் கட்டுகிறாரோ, பொருளின் ஆயுள் அவர் கையில் இருக்கிறது. என் ஐந்தாவது பதில் இது.

இதே ஊரில் பெரம்பூரைப் பாருங்கள். 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. பெட்டியைச் செய்யும்போதே அதற்கு ஒரு வயது எழுதப்பட்டிருக்கும். பழைய வகைப் பெட்டிக்கு 25 வருடம். ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பெட்டி பட்டறைக்குப் போய், சக்கரம், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் கழற்றிப் பார்க்கப்பட்டுத் திரும்பும். பீரியாடிக் ஓவர்ஹால், சுருக்கமாக பி.ஓ.எச்., என்பார்கள். ஒவ்வொன்றும் கழலும்படிதான் இருக்கிறது, ஏனென்றால் செய்பவரும் ஓட்டுபவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ரயில்வே. முக்கோணத் தலைத் திருகைப் போட்டு அவர்கள் யாரை ஏமாற்ற முடியும்?

சின்ன வயதில் எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று குரல் கேட்கும். பாட்டியின் அம்மி தேய்ந்து வழுக்கினால், அவர் உளியால் கொத்திப் பொளிந்துவிட்டுப் போவார். ஈயம் பூசுகிறவரும் அப்படித்தான் வருவார். அம்மியைச் செய்தவருக்கு ஒரே ஒரு தடவைதான் காசு. கொத்துகிறவருக்கு வருடம்தோறும் காசு. பொருள் உழைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அந்த வருடாந்திரக் காசைச் செய்தவரே சம்பாதிக்க என்ன தடை? கப்ளரும் காயிலும் கம்பெனி பெயரிலேயே கடைக்கு வரட்டும், அண்ணன் மாதிரி ஆட்களுக்கு விற்கட்டும்.

எதிர்த்திசையில் ஒரு பழைய கதை உண்டு. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. ஆஸ்ராம், பிலிப்ஸ் எல்லாம் அதில் இருந்தன. அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த பல்பை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பது அவர்களின் ஒப்பந்தங்களில் ஒன்று. பல்புகளைச் சோதித்து, அதிக நேரம் எரிந்தால் அபராதம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் அது கலைந்தது. ஆனால் 2015-ல் அதே பிலிப்ஸ், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தோடு வேறு மாதிரி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. விளக்கை விற்பதில்லை, வெளிச்சத்துக்கு மட்டும் காசு, விளக்கு கம்பெனியுடையது. உடனே வடிவமைப்பு மாறிவிட்டது. வழக்கத்தைவிட 75 சதவீதம் அதிக காலம் உழைக்கும் விளக்குகள், ஒவ்வொரு பாகத்தையும் தனியாக மாற்றும் வசதியோடு. பழுதின் செலவு இடம் மாறியதும் பொருளும் மாறியது.

பழையதெல்லாம் பொன் அல்ல

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. அந்த 1,000 மணி நேரத்துக்குப் பின்னால் கொஞ்சம் இயற்பியலும் உண்டு. இழை பல்பில் இழை அதிகமாகச் சூடானால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். நெடுநாள் எரியும் பல்பு மங்கலாக எரிந்து கரண்டைத் தின்னும்.

எங்கள் கூடத்து மின்விசிறி அதே கதை. நாற்பது வருடமாகச் சுற்றுகிறது, 75 வாட். இப்போது வரும், எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. சென்னை வெயிலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், வருடத்துக்கு 197 யூனிட் மிச்சம். இங்கே பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை, மாற்றத்தான் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் ஆனதும் நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டு மாமி வாங்கிய பி.எல்.டி.சி. விசிறி மூன்றாவது வருடம் நின்றுபோனது. மோட்டார் புதுக்கருக்கு மாறவில்லை. போனது உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் போர்டு. அதைப் பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கியும் அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்கவில்லை. மோட்டாருக்கு இருபது வருடம் தெம்பு இருக்கிறது, அதை ஓட்டும் போர்டுக்கு மூன்று வருடம். அந்தப் போர்டு விசிறியின் கப்ளராக இருந்திருக்க வேண்டும்.

சட்டம் மெதுவாக வருகிறது. பிரான்ஸ் 2015-ல் வேண்டுமென்றே ஆயுளைக் குறைப்பதைக் குற்றமாக்கி, இரண்டு வருடச் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை வைத்தது. 2021-ல் அங்கே செல்போன், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது, அதே டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் வந்தது. எனக்கு அந்தப் பிரான்ஸ் மதிப்பெண்தான் அதிகம் பிடித்திருக்கிறது. கெட்ட எண்ணத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது குதிரைக்கொம்பு. திருகின் தலையைப் பார்க்க யாருக்கும் இரண்டு நிமிடம் போதும்.

இப்போது

அண்ணன் புதிய மிக்ஸியைக் கைவிடவில்லை. பீல்டு காயிலைச் செம்பில் சுற்றினார், மேல் புஷ்ஷை மாற்றினார், புது கார்பன் பிரஷ் போட்டார். 1,150 ரூபாய். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் கேட்காமலே செய்த இன்னொரு வேலை. பிவிசி பைப்பிலிருந்து அரை அங்குல வளையம் அறுத்து, ஜார் இடிக்காத உயரத்துக்கு ராவி, கப்ளரைச் சுற்றி ஒட்டினார். தட்டின் பின்பக்கம் இரண்டு துளை போட்டு, வெளியே வர ஒரு சின்னக் குழாயும் சொருகினார். தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பின்பக்கமாக வழிந்து மேஜையில் சொட்டியது. "இனிமே ஒழுகினா ஒங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது" என்றார்.

பதினோரு மாதமாக ஓடுகிறது. முக்கோணத் திருகு இருந்த இடத்தில் இப்போது சாதாரணத் திருகு.

ஒரு குறை பாக்கி. வேகத்தை மாற்றும் சுவிட்சும் அதன் போர்டும் ஒரே வார்ப்பு, கடைக்குத் தனியாக வருவதில்லை. அது போனால் அண்ணனாலும் ஒன்றும் செய்ய முடியாது. "போறதுக்குள்ள ஒண்ணு எடுத்து வச்சுக்கங்கம்மா" என்று மூலையில் குவிந்திருந்த செத்த மிக்ஸிகளில் தேடி, அதே மாடலிலிருந்து ஒரு சுவிட்சைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அம்மா அதன்மேல் மாடல் நம்பரையும் தேதியையும் பேனாவால் எழுதி, மேல் தட்டில் கப்ளர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.